என் மகள் முதலாம் வகுப்பு முடித்த வருடம்

என் மகளை முதலாம் வகுப்பில் சேர்த்த அன்று அவள் அழவில்லை. கால்கோள் விழாவில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து புதிய பிள்ளைகளுக்குக் காகிதப்பூ மாலை போட்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் தாய்மாரின் சேலையை விடாமல் கதறிக்கொண்டிருந்தன. எங்கள் மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாத்தீங்களா என் புள்ளய" என்று மனைவி என் கையைக் கிள்ளினாள். அன்று மாலை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அந்தக் கதையைக் கேட்காதவர் யாரும் இல்லை.

அழுகை சில வாரம் கழித்து வந்தது.

நாங்கள் இருப்பது ஹந்தானையில், என் மனைவி வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்து லயத்தில். நான் பன்வில பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். பத்தாம் வகுப்போடு டவுனுக்கு வந்து, இன்றுவரை கண்டி நகரத்தில் ஒரு புடவைக்கடையில் விற்பனையாளனாக நிற்கிறேன். மனைவி விடியற்காலையிலேயே அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்குப் போய்விடுவாள். அதனால் மகளைக் குளிப்பாட்டி, உடுப்பாட்டி, பஸ்ஸில் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விடுவது என் பொறுப்பு. பகலில் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய்க் கூட்டிவந்து கடையில் சோறு ஊட்டுவேன். துணிக்கட்டுகளுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்குவாள். எங்கள் லயத்துப் பெரிய பிள்ளைகள் வகுப்பு முடிந்து வந்து அவளை மேலே கூட்டிப்போவார்கள்.

சேலை மடித்துப் பழகிய கைக்குத் தலை பின்னுவது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. முதல் மாதம் என் மகள் ஒரு பக்கம் சடை தூக்கியும் மறுபக்கம் தொங்கியும்தான் பள்ளிக்கூடம் போனாள். கடைக்கு வரும் பெண்களிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டுக் கேட்டுத்தான் ஒழுங்காகப் பின்னக் கற்றுக்கொண்டேன். ரிப்பனை நான்கே சுற்றில் பூவாகக் கட்ட இப்போது என்னால் முடியும்.

ஒரு காலை அவள் வயிறு வலிக்கிறது என்றாள். அடுத்த நாள் தலை வலித்தது. அதற்கு அடுத்த நாள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் காட்டினோம். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். மறுநாள் பள்ளிக்கூட வாசலில் இரும்புக் கேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "போகமாட்டேன்பா, போகமாட்டேன்பா" என்று கத்தினாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று பிடித்துக்கொண்டது. காவலாளி சிங்களவர், வயதான மனிதர். எனக்குச் சங்கடம் வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டாள். யாராவது அடித்தார்களா என்று கேட்டோம். சாப்பாட்டைப் பிடுங்கினார்களா, கக்கூஸ் போகப் பயமா என்றும் கேட்டுப் பார்த்தோம். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினாள். இரண்டு நாள் நான் அவளைத் திரும்பக் கடைக்கே கூட்டிப்போனேன். எங்கள் முதலாளி முஸ்லிம் மனிதர், நல்ல குணம். ஆனால் இரண்டாவது நாள் அவரும், இப்படியே விட்டால் பிள்ளை படிப்பை மறந்துவிடும் என்று சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி வாசலில் உட்கார்ந்து அவளுக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தேன். மகள் மெதுவாகக் கேட்டது எனக்கும் கேட்டது.

"அம்மா, நான் நாயா?"

மனைவியின் கை நின்றுபோனது. "யாரு சொன்னா?"

"டீச்சர். எல்லாரு முன்னாடியும் என்னைய பொட்டைன்னு சொல்றாங்க. சிரிச்சிக்கிட்டே சொல்றாங்க."

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைப் பெண் நாய்க்குத்தான் சொல்வார்கள். பைப்படியில் தண்ணீர்ச் சண்டை முற்றிப்போனால் பெண்கள் ஒருவரையொருவர் அதைச் சொல்லி ஏசுவார்கள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பேச்சு நின்றுவிடும். அந்தச் சொல்லை ஒரு டீச்சர், அதுவும் ஆறு வயதுகூட ஆகாத பிள்ளையைப் பார்த்து.

மனைவி எண்ணெய்ப் போத்தலை அப்படியே தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். திங்கட்கிழமை பெயர் கொடுக்காமல் தானே வருவதாகவும், அந்த டீச்சரைப் பார்த்து நாலு வார்த்தை கேட்காமல் விடப்போவதில்லை என்றும் சொன்னாள். தோட்டத்துப் பிள்ளை என்றால் இளப்பமா என்று பொருமினாள். அவள் கோபத்தில் எனக்கும் பங்கிருந்தது. ஆனாலும் அவள் போனால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். நானே கேட்கிறேன் என்று சமாதானம் சொல்லி நிறுத்தினேன்.

திங்கட்கிழமை பகல், பிள்ளைகள் போன பிறகு வகுப்புக்குப் போனேன். மகளைக் கடையில் முதலாளியின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன். போகும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வாசலில் நின்றதும் எல்லாம் மறந்துபோயிற்று.

டீச்சர் மிகவும் இளம் பெண். யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறைப் பக்கம் ஊர். அதுதான் அவருக்கு முதல் நியமனம். கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும், "வாங்கோ அண்ணை, இருங்கோ. பிள்ளை ஏன் வரேல்லை எண்டு நானும் யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார்.

அந்த வகுப்பில் இருந்ததெல்லாம் சின்னப் பிள்ளைகளின் கதிரைகள். என் முழங்கால் நெஞ்சில் இடிக்க ஒன்றில் உட்கார்ந்தேன். பிள்ளை சுகமா என்று கேட்டார். பிறகு நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, என் மகளைப் பற்றி அவரே சொல்லத் தொடங்கினார். கேட்டதும் பதில் சொல்கிறாளாம். பக்கத்துப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கிறாளாம். வந்த புதிதில் எல்லாவற்றுக்கும் முதலில் கையைத் தூக்கியவள் இப்போது ஏன் இப்படிச் சுருங்கிப்போனாள் என்று தெரியவில்லை என்றார்.

"நல்ல கெட்டிக்காரப் பெட்டை அண்ணை. நான் எல்லாப் பிள்ளையளுக்கும் சொல்லுறனான், இந்தப் பெட்டையைப் பாருங்கோ எண்டு."

எனக்குப் பாதி விளங்கியது. மீதியை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில், "டீச்சர் கோவிச்சுக்கக் கூடாதுங்க" என்று தொடங்கினேன். "எங்க பக்கத்துல அது வேற மாதிரிங்க. நாயத்தான் அப்பிடிச் சொல்றது. பொட்ட நாய்னு. அதான் புள்ள பயந்துபோச்சு."

அவர் கையிலிருந்த துடைப்பானை மேசையில் வைத்தார். எனக்கு எதிரே இருந்த சின்னக் கதிரையில் அவரும் உட்கார்ந்தார்.

"எங்கட ஊரில பெட்டை எண்டால் பொம்பிளைப் பிள்ளை அண்ணை. வேற ஒண்டும் இல்லை. என்ர அம்மா இண்டைக்கும் போனில, என்ன பெட்டை சாப்பிட்டியோ எண்டுதான் கேக்கிறவ."

அதைச் சொல்லும்போது அவர் கண் நிறைந்துவிட்டது. தன் அம்மாவை நினைத்தா, என் மகளை நினைத்தா, எனக்குத் தெரியாது. சண்டை பிடிக்க வந்தவன், "பரவால்லைங்க டீச்சர், பரவால்லைங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிள்ளைகள் பேசுவதில் பாதி தனக்கும் முதல் மாதம் விளங்கவில்லை என்றார். ஒரு பையன் வந்து, அங்குட்டுப் போனவன் இங்குட்டு வந்து வைஞ்சிட்டுப் போறான் டீச்சர் என்று முறையிட்டானாம். யார் எதை எங்கே வைத்தார்கள் என்று தெரியாமல் தான் மேசைக்கடியில் தேடினாராம். வைஞ்சது என்றால் ஏசியது என்று மற்ற டீச்சர்மார் சொல்லித்தான் தெரிந்ததாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்திலும் தன் ஊர்ப் பிள்ளைகளோடே இருந்துவிட்டதால், இந்த மலையில் என்ன தமிழ் பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்கவில்லை என்றார்.

மாலையில் மனைவியிடம் சொன்னேன். அவள் உடனே நம்பவில்லை. "நெசமாவா?" என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு அடுப்படியில் நின்றபடி, "அந்தப் புள்ளையும் அம்மாவ விட்டுட்டுத்தானே வந்திருக்கு" என்றாள். அதோடு அவள் கோபம் போய்விட்டது.

மகளுக்கு நாங்கள் சொன்னது போதவில்லை. மறுநாள் காலை டீச்சரே பள்ளிக்கூடக் கேட்டடிக்கு வந்தார். சேலை நிலத்தில் படக் குந்தியிருந்து, என் காலுக்குப் பின்னால் ஒளிந்தவளைப் பார்த்து, "என்னில கோவமோ?" என்று கேட்டார். அவள் முகத்தைக் காட்டவில்லை.

"வீட்டில உங்களை என்னெண்டு கூப்பிடுவினம்?"

மகள் என்னை அண்ணாந்து பார்த்தாள். "வீட்டுல ஒன்னைய எப்பிடிக் கூப்புடுவாங்கன்னு கேக்குறாங்க" என்றேன்.

"புள்ள" என்றாள், கேட்டதா இல்லையா என்ற குரலில்.

"அப்ப நானும் புள்ள எண்டே கூப்பிடுறன். உங்கட சொல்லு எல்லாம் எனக்குச் சொல்லித் தருவீங்களோ?"

அன்றும் அழுதுகொண்டுதான் போனாள். ஆனால் நான் தூக்கிப் போகவில்லை, நடந்து போனாள். அந்த வாரம் முழுவதும் காலையில் முகம் வாடித்தான் இருந்தது. அடுத்த வாரம் பஸ்ஸில் ஏறும்போதே கேள்வி கேட்கத் தொடங்கினாள். வெரசா என்பதற்கு டீச்சர் ஊரில் கெதியா என்று சொல்வார்களாம், எனக்குத் தெரியுமா? வடிவா என்றால் அழகாகவாம், ஆனால் வடிவா சாப்பிடு என்றால் நல்லா சாப்பிடு என்பதாம், அது எப்படி? டீச்சர் கரும்பலகையின் ஓரத்தில் தினமும் இரண்டு சொல் எழுதுவதாகச் சொன்னாள். ஒன்று அவருடையது, ஒன்று பிள்ளைகளுடையது. பிள்ளைகளுடையதை யார் சொல்வது என்று வகுப்பில் போட்டியாம். என் மகள் சொல் தேடுவதற்காகவே பைப்படியில் பெண்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். அங்கே கேட்ட எல்லாவற்றையும் வகுப்பில் சொல்லிவிடாதே என்று மனைவி எச்சரித்து அனுப்பினாள்.

வீட்டில் அவள் பேச்சு மாறியது. தண்ணீர் வேண்டுமா என்றால், "ஓம்" என்பாள். கூப்பிட்டால், "வாறன், வாறன்" என்று குரல் கொடுப்பாள். லயத்தில், யாழ்ப்பாணத்துக்கு மருமகளாகப் போகப்போகிறாள் என்று கேலி செய்தார்கள். எங்கே நம் பேச்சு அவளுக்கு இளப்பமாகிவிடுமோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. மனைவியிடம் சொன்னேன். அவள், "பேசட்டும். நம்மகிட்ட நம்ம பேச்சு, அவுங்ககிட்ட அவுங்க பேச்சு. நீங்க கடையில சிங்களத்துல பேசல்லயா?" என்றாள். அதற்கு மேல் நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

வருட நடுவில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் மலைப்பாதையில் ஓர் இடத்தில் மண் சரிந்து, பஸ் மேலே வருவது நின்றுவிட்டது. பிள்ளைகளில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டில் இரு என்று நானும் சொன்னேன். அவள் கேட்கவில்லை. அவள் போகாவிட்டால் கரும்பலகையில் இன்னொரு பிள்ளையின் சொல் வந்துவிடுமாம். சப்பாத்தையும் காலுறையையும் ஷொப்பிங் பையில் சுற்றி, காலில் சவர்க்காரம் தேய்த்து, ஒரு குடைக்குள் இருவரும் நடந்தோம். அப்படியும் அட்டை கடித்தது. முன்பென்றால் அட்டையைக் கண்டதும் ஊரைக் கூட்டுவாள். அன்று காலைத் தூக்கிக் காட்டி, "அப்பா, வெரசா எடுங்க, மணி அடிச்சிரும்" என்றாள். கீழே ஆஸ்பத்திரிக்கு முன்னால் வந்து, ஒரு கடைப்படியில் உட்கார வைத்துக் கால் துடைத்துச் சப்பாத்து மாட்டிவிட்டேன். அவள் கேட்டுக்குள் ஓடியதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் மழையிலேயே நின்றேன். பாதை சரியாகும் வரை தினமும் அப்படித்தான் போனோம். கடைக்குத் தினமும் ஈரக் காற்சட்டையோடுதான் போனேன், முதலாளி ஒன்றும் சொல்லவில்லை.

வருட முடிவில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் சந்தை போட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து மரக்கறியோ பழமோ கொண்டுவந்து மேசையில் வைத்து, பெற்றோருக்கும் டீச்சர்மாருக்கும் விற்க வேண்டும். மனைவி லயத்துக்குப் பின்னால் போட்டிருந்த போஞ்சியையும் கொஞ்சம் கறிவேப்பிலையையும் பறித்து, பக்கத்து வீட்டில் இரண்டு பூசணியும் வாங்கிக் கட்டினாள். அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. கால்கோள் விழாவுக்குப் பிறகு அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது அன்றுதான். கல்யாணச் சேலையை எடுத்து உடுத்தி, சந்தைக்கு இது அதிகமோ என்று கேட்டு, மாற்றி, திரும்ப அதையே உடுத்தினாள்.

மைதானத்தில் வெயில் நன்றாக அடித்தது. மகள் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் நின்றாள். நாங்கள் இருவரும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தோம். கிட்டப் போனால் வெட்கப்படுவாள் என்று நினைத்தோம். வெட்கம் எங்களுக்குத்தான்.

முதலில் டீச்சர் வந்தார். "வாங்கோ டீச்சர், போஞ்சி நல்ல வடிவா இருக்கு, கெதியா எடுங்கோ, முடியப்போகுது" என்றாள். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாங்கினார். அடுத்து எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தி. அவளிடம், "வாங்கக்கா, நம்ம வீட்டுப் போஞ்சிதான், பிஞ்சாப் பாத்து எடுங்க" என்றாள். வகுப்பில் மகளுக்குப் பக்கத்தில் உட்காரும் பிள்ளை ஒரு முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. அந்தப் பிள்ளையின் தாய் வந்து பூசணிக்காய் இருக்கிறதா என்று கேட்டார். "ஈக்கி உம்மா, ரெண்டு ஈக்கி" என்றாள் மகள், அந்தப் பிள்ளை வீட்டில் பேசுவது போலவே. கேலி என்று நினைத்துவிடுவாரோ என்று எனக்குப் பக்கென்றது. அந்தத் தாய் வாய்விட்டுச் சிரித்து, குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டார். இரண்டு பூசணியையும் அவரே வாங்கிக்கொண்டார்.

கடைசியில் காவலாளி வந்து மேசைக்கு முன் நின்றார். மிச்சம் இருந்தது கறிவேப்பிலை மட்டும். மகள் ஒரு கொத்தை எடுத்து நீட்டி, "கன்ன மாமே" என்றாள், வாங்குங்க மாமா என்று சிங்களத்தில். அவர் எவ்வளவு என்று கேட்க, அதற்குரிய சிங்களச் சொல் தெரியாமல் விரலைக் காட்டினாள். அவர் அதைச் சொல்லிக்கொடுத்து, அவளைத் திரும்பச் சொல்ல வைத்து, அதற்குப் பிறகுதான் வாங்கினார்.

மனைவி என் முழங்கையைப் பிடித்திருந்தாள். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். டவுன் கடைகளில் எதையாவது கேட்க வேண்டுமென்றால் என்னை முன்னால் தள்ளிவிடுவாள். இப்போது என் முழங்கையை விட்டாள். பிறகு டீச்சரிடம் போனாள். என்ன சொல்லப்போகிறாள் என்று நானும் பின்னால் போனேன்.

"எம் புள்ளய நல்லா பாத்துக்கிட்டீங்க" என்றாள்.

"அவதான் என்னைப் பாத்துக்கொண்டவ அக்கா" என்றார் டீச்சர். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட அன்று தேர்ச்சி அறிக்கை தந்தார்கள். முதலாம் வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று மதிப்பெண் வரிசைக் கணக்கெல்லாம் கிடையாது. எல்லாப் பாடத்திலும் நன்று என்று போட்டிருந்தது, கணிதத்தில் மட்டும் இன்னும் பயிற்சி வேண்டும் என்று. அதைக் கடைக்குக் கொண்டுபோனேன். முதலாளி எத்தனையாம் பிள்ளை என்றுதான் கேட்டார்.

"அதெல்லாம் இல்லைங்க முதலாளி. வருஷத்த முடிச்சிட்டா."

"அதுக்கா இந்தச் சிரிப்பு?"

"ஆமாங்க" என்றேன். வருடத் தொடக்கத்தில் அவர் மேசைக்குப் பக்கத்தில் கண் வீங்கி உட்கார்ந்திருந்தவளை அவரும் பார்த்தவர்தான். கொஞ்ச நேரம் கழித்து, இன்றைக்கு நேரத்தோடு வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அன்று லயத்துப் பெரிய பிள்ளைகளோடு அனுப்பாமல் நானே அவளைக் கூட்டிப்போனேன். பஸ் மேலே வந்து சேர்ந்தபோது கொழுந்து நிறுக்கும் நேரம். வீட்டுக்குப் போகாமல் நேரே தராசு இருக்கும் மடுவத்துக்குப் போனோம். பெண்கள் கொழுந்துச் சாக்குகளோடு வரிசையில் நின்றார்கள். என் மனைவி நடுவில் நின்றாள். இந்த நேரத்தில் எங்களைக் கண்டதும் என்னவோ ஏதோவென்று அவள் முகம் மாறியது. மகள் அறிக்கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். "அம்மா, நான் முடிச்சிட்டேன். ரெண்டாம் வகுப்புக்குப் போறேன்."

மனைவி கையைச் சேலையில் துடைத்துவிட்டு அறிக்கையை வாங்கினாள். எழுத்துக் கூட்டி முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாள். பின்னால் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. வாசித்து முடித்துப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள், அவள் அடுத்தவளிடம் கொடுத்தாள். அப்படியே வரிசையின் கோடி வரை போய்த் திரும்பி வந்தது. மூலையில் கொழுந்துச் சாறு பட்டிருந்தது.

வரிசையில் நின்ற வயதான பெண் ஒருத்தி, ரெண்டாம் வகுப்பு டீச்சர் எந்த ஊரோ தெரியவில்லையே, திரும்ப அழுகையை ஆரம்பித்துவிடாதே என்று சீண்டினாள்.

"எந்த ஊர்னாலும் பரவால்ல" என்றாள் என் மகள். "கேட்டுக்கிட்டாப் போச்சு."

எங்கள் முறை வந்தது. மனைவி சாக்கைத் தராசில் தூக்கி வைத்தாள்.